ஒரே வாயில் மூன்று பேர்

மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், இப்போதும் எனக்குப் பல்தான் வருகிறது. கனவில் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆரஞ்சு வெளிச்சத்துக்குள்ளே இளஞ்சிவப்பு ஈறு ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டு, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பயமாக இருக்காது. ஊஞ்சலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி சுகமாக இருக்கும். விழித்துப் பார்த்தால் திண்டிவனத்தில் என் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. வேலைதான் என்னை விட்டபாடில்லை.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்த, பல்செட் செய்கிற பல் லேபில் இப்போது இருக்கிற பெண்கள், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பேசினார்கள்.

"பூங்காவனம் அக்கா, புதுசா ஒரு ரெசின் வந்துக்கீது. ஈறும் பல்லும் ஒரே மெஷின்ல ஒண்ணாவே வந்துடுதாம். இனிமே ஒட்டற வேலையே கிடையாதாம். நீங்க இன்னா சொல்றீங்க?"

"வந்தா நல்லதுதான்டி. எனக்கு இன்னாத்துக்கு போன் பண்றீங்க?"

"எதை எதோட சேர்த்தா நிக்கும், எந்த வாய்க்கு எந்தப் பொருளுன்னு நீங்க எழுதிக் குடுங்கக்கா. நாங்க செவுத்துல ஒட்டிக்கறோம்."

சுவரில் ஒட்டுகிற மாதிரி எழுத எனக்கு வராது. ஒன்றைக் கேட்டால் ஒன்பது சொல்கிற வாய் எனக்கு. அதனால் கோதண்டம் என்பவருடைய பல்லைப் பற்றி எழுதுகிறேன். பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்த ஒரு வாய்க்குள் இருக்கிறது. நான் செய்த பெரிய தப்பும் அதற்குள்தான் இருக்கிறது.

படித்த கதையை நீட்ட வேண்டாம். டிப்ளமோ முடித்து வந்தபோது மெழுகும் பிளாஸ்டர் மாவும்தான் தொழில். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகக் குத்தி வைத்து, அச்சில் மூடி, வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, பொடியையும் திரவத்தையும் பிசைந்து அந்த இடத்தில் அடைத்து வேக வைப்போம். மூக்கில் ஏறும் அந்த வாடை முடியில் இருக்கும், சேலையில் இருக்கும், சோற்றில் கூட இருக்கும். காலையில் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால், மயிலம் மலை ஜன்னலில் வந்து போகிறவரை எதிர் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே போவேன். இவருக்கு மேல் தாடை அகலம், அந்தம்மாவுக்குக் கடைவாய் தேய்ந்திருக்கிறது என்று மனசு தானாகக் கணக்குப் போடும். முகம் நினைவிலேயே நிற்காது. எங்கள் தொழிலே அப்படி. டாக்டர் ஆளைப் பார்ப்பார், எங்களிடம் வாய் மட்டும்தான் வரும்.

மெஷின்கள் வந்தபோது கூடவே ரெஜினா மேடமும் வந்தார். லேபின் புதுத் தலைமை அவர்தான். முப்பது வயசு கூட இருக்காது, என் மகள் மாதிரி. எனக்கு மூக்குமேல் கோபம். 'நேத்து வந்த பொண்ணு எனக்குப் பல்லு சொல்லிக் குடுக்குதா' என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்குக் குரல் உயராது. எதைச் சொன்னாலும் கேள்வியாகத்தான் சொல்வார். வேலையைக் கையில் வாங்குமுன் கையைக் கழுவுவார். வாங்கியதும் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் உள்பக்கம் முழுக்க ஒரு தரம் தடவுவார். எங்காவது நின்றால் அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. ஒரு வார்த்தை இருக்காது. அந்தப் புள்ளிக்குப் பயந்தே நான் பத்து வருஷம் இளமையாக வேலை செய்தேன்.

அவர்தான் எனக்கு மெஷினில் செய்கிற இரண்டு வழியையும் காட்டினார். ஒன்று, அச்சிடுவது. தேன் மாதிரி இருக்கிற ரெசின் திரவத்தில் வெளிச்சம் பட்டு, ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக ஈறு உருவாகி மேலே வரும். எடுத்து ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தி, கடைசியாக வெளிச்சப் பெட்டிக்குள் வைத்து இறுக வைக்க வேண்டும். இன்னொன்று, கடைவது. தோசைக்கல் மாதிரி வட்டமான, கெட்டியான இளஞ்சிவப்புக் கட்டி. அதை மெஷின் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே குடைந்து ஈறாக்கும். அது ஏற்கெனவே இறுகின பொருள் என்பதால் சுருங்காது, வாயில் கவ்விக்கொள்ளும். பல்லும் அப்படித்தான். கடைந்த பல் உறுதி, தேயாது, நுனியில் கண்ணாடி மாதிரியும் அடியில் மஞ்சளாகவும் நிறம் அடுக்கடுக்காக இருக்கும். அச்சிட்ட பல் கொஞ்சம் மெத்து, நிறமும் மங்கல். ஆனால் அதை எந்த வடிவத்துக்கும் வளைக்கலாம், எந்தக் கறையையும் ஏற்றலாம்.

சிக்கல் எல்லாம் சேர்ப்பதில்தான். அச்சிட்டதும் கடைந்ததும் பார்க்க ஒரே பிளாஸ்டிக். உள்ளே வேறு வேறு சாதி. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் ஒட்டின மாதிரி நடிக்கும். ஒரு முறுக்கைக் கடித்தால் கழன்று கையில் வரும்.

கோதண்டத்தின் வேலை திண்டிவனத்து டாக்டர் ஒருவரிடமிருந்து வந்தது. பல் எல்லாம் ஆடிப்போய் எடுத்துவிட்டு, ஈறு ஆறி மூன்று மாசம். கீழ்த் தாடை தட்டையாகப் போயிருந்தது. ஸ்கேனோடு ஒரு பழைய போட்டோவும் வந்தது. மயிலம் கோயிலில் பேத்திக்குக் காது குத்தியபோது எடுத்தது, ஒரு ஆள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். கூடவே குறிப்பு: 'அவசரம். பழைய மாதிரியே இருக்க வேண்டும்.'

பழைய மாதிரி வேண்டும் என்று எழுதாத ஆள் கிடையாது. என் அனுபவத்தில் அதற்கு அர்த்தம், இருபத்தைந்து வயசில் இருந்த மாதிரி என்பதுதான். போட்டோவில் இருந்த வாயைப் பார்த்தேன். முன் பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. இடது பல் ஒன்று திரும்பிப் பக்கத்துப் பல்மேல் ஏறிக்கொண்டு, நுனி வேறு உடைந்திருந்தது. இடுக்கெல்லாம் வெற்றிலைக் கறை. அடக் கடவுளே, இதையா மறுபடி செய்யச் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

"அக்கா, போட்டோ பார்த்தீங்களா?" என்று ரெஜினா மேடம் கேட்டார்.

"பார்த்துட்டேன் மேடம்" என்றேன். பார்த்தது நிஜம்தானே.

பார்த்துவிட்டு, சந்தை மூடினேன். திரும்பின பல்லை நேராக்கினேன். நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கினேன். ஈறு, கடைந்தது; பல், கடைந்தது; ஒரே சாதி, ஒட்டுவதில் பிரச்சினையே இல்லை. லேபில் இருந்த பொருளில் சிறந்த இரண்டையும் எடுத்துச் சேர்த்திருந்தேன். ரெஜினா மேடம் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார், ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை மாட்டிக்கொண்டு கிளினிக்கிலிருந்து கோதண்டம் வெளியே வந்தபோது, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கூட 'மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க' என்றார்களாம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவர் லேபுக்கே வந்துவிட்டார். கூட மகள். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், அன்று லீவு போட்டிருந்தாள். கோதண்டத்தின் வாயில் பல் இல்லை. ஒரு எவர்சில்வர் டப்பாவை மேஜைமேல் வைத்தார். உள்ளே தண்ணீரில் என் வேலை கிடந்தது.

"இத்த நீங்களே வச்சிக்கங்கம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், வலிக்குதா? எங்க குத்துது?"

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜோரா கீது. வறுத்த மல்லாட்டைக் கொட்டைய கடிச்சேன், கடிபடுது. உங்க மேல குத்தமே இல்லம்மா." சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

மகள்தான் சொன்னாள். அவள் அம்மா அலமேலுவுக்கு மறதி நோய். காதும் மந்தம். ஆளை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். இப்போது இருக்கிறவர்களில் அப்பாவைத் தவிர யாரும் நினைவில் நிற்பதில்லை. கையால் ஊட்ட வேண்டும் என்றில்லை. அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் தானும் சாப்பிட்டுவிடுவார். அப்படித்தான் நாள் ஓடிக்கொண்டிருந்தது, பல்லைப் பிடுங்குகிறவரை.

கோதண்டம் தலையை நிமிர்த்தினார். "பல்லு போனதும் செத்துப்போன எங்கப்பா மூஞ்சி வந்துடுச்சும்மா எனக்கு. கன்னம் உள்ள போயி, அச்சு அசல் எங்கப்பாதான். என்னைப் பார்த்தா எழுந்து நின்னுக்குது. முந்தானைய இழுத்துப் போர்த்திக்கினு கதவாண்ட ஒதுங்குது. மாமனாரு எதிர்ல குந்தி சாப்புடுமா அது? 'அவரு கழனிலேர்ந்து வரட்டும் மாமா, அப்பறம் சாப்புடறேன்'னுது. நான்தான் அவரு. யாராண்ட போயி சொல்றது?"

"இந்தப் பல்லைப் போட்டுக்கினு போனீங்களே?" என்று கேட்டேன்.

"போனேன். 'வாங்க சார், வீட்டுக்காரரு இல்ல, சாயந்திரமா வாங்க'ன்னுச்சு. கதவை சாத்திக்கினுச்சு."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மறு நொடி அந்த டப்பாவை இழுத்து மூடி வைத்தேன். சாயந்திரம் மகள் வந்து இரண்டு வாய் வாங்கவைப்பதோடு சரி, பகலெல்லாம் அந்தம்மா புருஷன் எதிரிலேயே புருஷனுக்காகப் பட்டினி காத்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். இந்த வாரத்துக்குள் சாப்பிடவில்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். "குழாயைப் போட்டா அம்மா பிடுங்கிக்கும், அப்பறம் கையைக் கட்டணும்பாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள்.

'அவசரம்' என்று ஏன் எழுதியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தையை நான் படிக்கவே இல்லை, பார்த்ததோடு சரி.

ரெஜினா மேடம் போட்டோவைத் திரையில் பெரிதாகத் திறந்தார். முகம் வந்தது, வாய் வந்தது, பிறகு சந்து மட்டும் திரை முழுக்க இருட்டாக நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் மூடினேன் மேடம்."

"தெரியும் அக்கா. அந்தச் சந்து எத்தன மில்லிமீட்டர் இருக்கும்?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

போட்டோவை வைத்து மில்லி கண்டுபிடிக்க ஒரு வழிதான். கோதண்டத்தை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தோம். இரண்டு கண்ணின் உள்முனைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நான் காலிப்பரால் அளந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைபோல முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் என் வேலையைச் சுமக்கிற முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இமையில் மல்லாட்டைச் செடியின் மண் ஒட்டியிருந்தது. அதே தூரத்தைப் போட்டோவில் அளந்து, விகிதம் போட்டால், சந்து இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு.

"இந்த நுனி எப்பிடி உடைஞ்சது?"

"கவுத்தைப் பல்லால இழுத்தேன், கல்யாணத்துக்கு முந்தி."

"வெத்தலை எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

"எடது பக்கம். இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?"

"நீங்க சும்மா குந்துங்க" என்றேன்.

பொருளைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். கடைந்த ஈற்றை மாற்ற வேண்டாம். தட்டையான கீழ்த் தாடைக்கு அதைவிடக் கவ்வுகிறது எதுவும் இல்லை. கடைவாய்ப் பல்லும் கடைந்ததாகவே இருக்கட்டும், மெல்ல வேண்டுமே. ஆனால் மேல் முன் பல் ஆறும் கடைந்ததில் வராது. எங்களிடம் இருந்த பல் கட்டிகளில் அவ்வளவு மங்கின நிறம் இல்லை, மேலே பூசும் கறையும் அதில் நிற்காமல் உரிந்துவிடும். அதனால் முன் ஆறும் அச்சிட்ட பல். கடைந்த ஈற்றில் அச்சிட்ட பல். எல்லோரும் செய்யாதே என்று சொல்கிற சேர்க்கை.

"ஒட்டாதே மேடம்" என்றேன்.

"உடைச்சுப் பார்க்கலாமா அக்கா?"

இளஞ்சிவப்புத் துண்டு மூன்று கடைந்தோம். முதல் துண்டில், முழுக்க இறுகின பல்லைப் பசை வைத்து ஒட்டி, குறட்டால் பிடித்து வளைத்தேன். டக்கென்று கழன்றது. கழன்ற இடம் வழவழவென்று மின்னியது. இரண்டாவதில் ஈற்றை மணல் காற்றடித்துச் சொரசொரப்பாக்கினோம். கொஞ்சம் பிடிவாதம் பிடித்துவிட்டு அதுவும் கழன்றது. மூன்றாவதில் இரண்டு பக்கமும் மணலடித்து, ஈற்றுக்குப் பழைய நாளில் பொடியோடு பிசைகிற அதன் சொந்தத் திரவத்தைத் தடவி அதன் மேல்தோல் இளகும்வரை காத்திருந்து, பல்லை வெளிச்சப் பெட்டியில் பாதிதான் இறுக வைத்து, ரெசின் வைத்துப் பொருத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து மீதி வெளிச்சத்தைக் கொடுத்தோம். வளைத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தேன். பட்டென்று உடைந்தது, ஆனால் பல்லின் காலில் ஒரு துண்டு இளஞ்சிவப்பும் சேர்ந்து பிய்ந்து வந்திருந்தது.

"ஐயோ, வந்துடுச்சு!" என்று கத்தினேன். உடைந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஒட்டின இடம் விடவில்லை, ஈறுதான் பிய்ந்திருக்கிறது. ரெஜினா மேடம் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார்.

அடுத்த நாள் மத்தியானம் எனக்கு இன்னும் ஒரு கனவு மாதிரியே இருக்கிறது. வெளியே மழை மூட்டம். மெஷினின் ஆரஞ்சு மூடிக்குள் ஆறு பல்லும் திரவத்திலிருந்து தலைகீழாக எழும்பிக்கொண்டிருந்தன, கிணற்றிலிருந்து வாளி வருகிற மாதிரி நிதானமாக. ஒன்று கோணல், ஒன்றுக்கு நுனி இல்லை. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தன. கழுவி எடுத்து, இடுக்கில் மெல்லிய கோடு கீறி, மயிரளவு தூரிகையில் பழுப்பைத் தொட்டு வைத்தேன். இடது பக்கம் கூடுதலாக. காலமெல்லாம் கறையைத் தேய்த்து எடுத்த கை; கறையை வைக்கிறபோது அது முதலில் கூசியது, பிறகு பழகிப்போய் தானாகவே ஓடியது. எதிரில் ரெஜினா மேடம் போட்டோவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் அக்கா, இங்க இன்னும் கொஞ்சம் அழுக்கு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே கண்ணாடி ரெசின் ஒரு பூச்சு கொடுத்து மூடினோம். மழை எப்போது பெய்து எப்போது விட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பல்லை டாக்டர் பொருத்தியதும், நாங்களும் கூட வருகிறோம் என்று ரெஜினா மேடமே கேட்டுக்கொண்டார். மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஊர். மகள் எங்களைக் கூடத்தில் ஒரு ஓரமாக உட்கார வைத்தாள். அலமேலு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு என் இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. எதிரில் இரண்டு தட்டு. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. யாரும் தொடவில்லை.

கோதண்டம் வாசல் வழியாக வரவில்லை. தோட்டத்துப் பக்கம் சுற்றிப் போய், கால் கழுவிக்கொண்டு, கழனியிலிருந்து வருகிற மாதிரி தலையில் துண்டோடு பின்கதவு வழியாக வந்தார். உட்காராமல் நின்றார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

போச்சு, மறுபடி மாமனார்தான் என்று எனக்கு உயிரே போய்விட்டது. ரெஜினா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கோதண்டம் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். சந்து தெரிந்தது.

"இன்னாயா" என்றார் அலமேலு அம்மா. "இத்தினி நாளா எங்க போயிருந்த?"

கோதண்டம் ஓரடி முன்னே வந்தார்.

"உங்கப்பா வந்து குந்திக்கினாரு, எழுந்து போவவே மாட்டேன்றாரு. அவரு எதிர்ல நான் எப்பிடி சாப்புடறது? அப்பறம் எவனோ ஒரு ஆபீசரு, பல்லக் காட்டிக்கினு வந்து நிக்கறான். இவங்களையெல்லாம் வச்சிக்கினு நான் ஒருத்தி இன்னா பண்ணுவேன்?"

கோதண்டம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ரெண்டு பேரையும் அனுப்பிட்டேன்" என்றார். "இனிமே வரமாட்டாங்க. குந்து, சாப்புடு."

"நீ மொதல்ல சாப்புடு" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா எதிரில் உட்கார்ந்தார்.

கோதண்டம் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் மென்று விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தம்மா தன் தட்டில் கை வைத்தார்.